மேரி மாலன்

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் பல உள. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் அங்கு இரவும் பகலும் முறைவைத்து உழைக்கின்றனர். வீட்டைப் பிரிந்து வாழும் அவர்கட்கு ஆலையின் உணவுக்கூடமே அடுக்களை. ஒரே அண்டாவில் வெந்த சோற்றை நூற்றுக்கணக்கானோர் உண்கின்றனர். அண்டாவில் அகப்பையிடும் கை ஒன்று. அக்கையை நம்பி வரிசையில் நிற்போரோ பலர்.

அத்தகைய சமையற்கூடங்களிற் பணிபுரிவோர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் உடலைக் காட்டி, தொற்றுநோய் ஏதும் இலர் எனச் சான்று பெறுதல் வேண்டும் என்பது இன்றைய விதி. காய்ச்சலோ தலைவலியோ இல்லாத ஒருவர், நாள்தோறும் இரண்டு ஆள் வேலையைத் தாமே செய்யும் வன்மை உடையவர், எதற்காக மருத்துவரை நாட வேண்டும் என்று அவர்களுட் சிலர் வியப்பர். சிலர் சினக்கவும் செய்வர். ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் இதே வினாவை எழுப்பிய சமையற்காரி ஒருவர் இருந்தார். அவ்வினாவிற்குத் தக்க விடை பெறாமலே அவர் தம் வாழ்நாளில் 26 ஆண்டுகளை ஒரு சிறு தீவின் தனிமையிற் கழித்தார். அவர் பெயர் மேரி மாலன்.

மேரி 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் குக்ஸ்டவுன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அந்நாட்டைப் பெரும்பஞ்சம் சூறையாடிச் சென்று கால் நூற்றாண்டும் நிரம்பாத காலம் அது. பஞ்சத்தால் நலிந்த தமிழ் மக்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியது போல, அயர்லாந்து மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். மேரியும் தம் பதினைந்தாம் அகவையை ஒட்டி அவ்வாறே கடல் கடந்து, நியூயார்க்கில் வாழ்ந்த சிற்றன்னையின் இல்லத்தை அடைந்தார்.

ஏழைப் பெண்ணுக்கு அந்நகரில் எளிதிற் கிடைத்த வேலை, செல்வர் மனையில் ஏவல் செய்வதே. மேரி தம் முயற்சியால் சமையற்காரியாக உயர்ந்தார். வீட்டுப் பணியாளர் அனைவரிலும் சமையல் செய்வோருக்கே ஊதியமும் மதிப்பும் மிகுதி. உடல் வலிமையும், தொழிலில் தேர்ச்சியும், எவருக்கும் பணியாத தன்மான உணர்ச்சியும் மேரியிடம் ஒருங்கே அமைந்திருந்தன. புதிதாய்ப் பறித்த பீச்சுப் பழங்களை அரிந்து சேர்த்து அவர் செய்த பனிக்கூழ் உண்டாரை மகிழ்வித்தது. அப்பண்டமே பின்னர் அவருக்குப் பகையாயிற்று.

1902-ஆம் ஆண்டுக் கோடையில் மெயின் மாநிலத்துக் கடற்கரையில் தங்கிய ஒரு குடும்பத்திற்கு மேரி சமைத்து வந்தார். அவ்வீட்டில் இருந்த ஒன்பதின்மருள் எழுவர் அடுத்தடுத்துக் குடற்காய்ச்சலில் வீழ்ந்தனர். டைபாய்டு என இன்று யாவரும் வழங்கும் அந்நோய் வீட்டுத் தலைவரையும் மேரியையும் மட்டுமே தீண்டவில்லை. மேரி நோயுற்றோர் அருகிலிருந்து இரவும் பகலும் பணிவிடை செய்தார். அவர் அன்பை மெச்சிய வீட்டுத் தலைவர், ஊதியத்திற்கு மேல் 50 டாலர் பரிசாக அளித்தார். நோயை வீட்டிற்குள் கொணர்ந்தவர் யாவர் என்பதைக் கொடுத்தவரும் அறியார், பெற்றவரும் அறியார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1906-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில் ஒரு வங்கித் தலைவர் வாடகைக்கு அமர்ந்த இல்லத்தில் மேரி வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வாரங்கள் கழிந்ததும் அவ்வீட்டின் பதினொருவருள் அறுவர் குடற்காய்ச்சலுற்றனர். செல்வர் தங்கும் தூய ஊர் எனப் பெயர் பெற்ற இடத்தில் இந்நோய் தோன்றியது வீட்டு உடைமையாளரைக் கலங்கச் செய்தது. இனி அவ்வீட்டை எவரும் வாடகைக்குக் கொள்ளார் என அஞ்சிய அவர், காரணத்தைக் கண்டறியுமாறு ஜார்ஜ் சோப்பர் என்னும் சுகாதாரப் பொறியாளரை வேண்டினார்.

சோப்பர் கிணற்று நீரை ஆராய்ந்தார், குற்றமில்லை. பாலை ஆராய்ந்தார், அதிலும் இல்லை. கடற்கரையில் ஒருத்தி விற்ற சிப்பி உணவின்மீது ஐயுற்றார். அதனை உண்ட அயலார் பலரும் நலமாகவே இருந்தனர். இறுதியில், நோய் தோன்றுமுன் வேலைக்கு வந்து, தோன்றிய சில வாரங்களில் விலகிச் சென்ற சமையற்காரியின்மேல் அவர் கருத்துச் சென்றது. வேலைக்கு ஆள் அமர்த்தும் நிலையத்தாரிடம் கேட்டு, 1900-ஆம் ஆண்டு முதல் மேரி பணியாற்றிய குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். எட்டுக் குடும்பங்களுள் ஏழில் குடற்காய்ச்சல் புகுந்திருந்தது. நோயுற்றோர் 22 பேர். அவருள் ஓர் இளம்பெண் உயிர் நீத்தாள்.

நோய் பரவிய வகையை இங்குச் சிறிது விரித்துரைத்தல் தகும். குடற்காய்ச்சலை விளைப்பது ஒரு நுண்ணுயிர். அது மக்களுடலில் மட்டுமே வாழ்வது; ஆடு மாடுகளில் வாழ்வதன்று. நோயாளியின் மலத்தோடு வெளிப்பட்டு, கழுவாத கை வழியாகவோ மாசுற்ற நீர் வழியாகவோ, அடுத்தவர் வாயை அடைகிறது. நோய் நீங்கியும், நூற்றுக்கு இருவர் முதல் ஐவர் வரையிலானோரின் உடலைவிட்டு அந்நுண்ணுயிர் நீங்குவதில்லை. பெரும்பாலும் பித்தப்பையில் ஒளிந்து நெடுங்காலம் வாழ்கிறது. அவர்கள் உண்பர், உறங்குவர், உழைப்பர். நோயாளிக்குரிய குறி ஒன்றும் அவரிடம் இராது. ஆயினும் நோய் அவரிடமிருந்து பிறருக்குச் செல்லும். 1884-ஆம் ஆண்டு கல்கத்தாவில் காலரா நுண்ணுயிரை உறுதி செய்த செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக், 1902-ஆம் ஆண்டளவில் குடற்காய்ச்சலுக்கும் இவ்வாறு நலமுள்ளோர் காரணமாதல் கூடும் என்பதை எடுத்துக் காட்டினார். அமெரிக்காவில் அத்தகையோர் எனக் கண்டறியப்பட்டவருள் முதல்வர் மேரியே.

மேரி சமைத்த பிற உணவுகள் ஏன் எப்போதும் தீங்கு செய்யவில்லை? அவை அடுப்பில் கொதித்தவை. கொதிவெப்பத்தில் அந்நுண்ணுயிர் பிழைப்பதில்லை. பனிக்கூழோ அடுப்பேறாதது, கையால் அரிந்த பச்சைப் பழம் அதிற் கலந்தது. நம் சமையலிலும் இவ்வேறுபாடு உண்டு. கொதித்து இறங்கிய சாம்பார்க்கு இல்லாத அச்சம், வெள்ளரிப் பச்சடிக்கும், நீர்மோருக்கும், இறக்கியபின் கையால் தூவும் கொத்துமல்லித் தழைக்கும் உண்டு. கை தூயதாயின் இவற்றிலும் அச்சமில்லை.

1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நியூயார்க் நகரின் செல்வர் தெரு ஒன்றில் மேரி பணிபுரிந்த வீட்டைச் சோப்பர் கண்டுபிடித்தார். அவ்வீட்டிலும் நோய் புகுந்திருந்தது. உயிர் நீத்த இளம்பெண் அவ்வீட்டு மகளே. சோப்பர் நேரே அடுக்களைக்குட் சென்று, மேரியால் பலர் நோயுற்றனர் என்றும், அவருடைய மலம், சிறுநீர், குருதி ஆகியவற்றைச் சோதனைக்குத் தருதல் வேண்டும் என்றும் கூறினார். தம் வாழ்நாளில் குடற்காய்ச்சலே கண்டதாக நினைவில்லாத ஒரு பெண்ணிடம், முன்பின் அறியாத ஓர் ஆடவர், வேலை செய்யும் இடத்திற்கே வந்து இவ்வாறு கேட்டால் என்ன நிகழும்? மேரி இறைச்சி குத்தும் பெரிய முட்கரண்டியை ஏந்தி அவரை நோக்கிப் பாய்ந்தார். சோப்பர் தெருவாயில் வரை ஓடித் தப்பினார். துப்பறிவதில் வல்லவரான அவர், ஒருவர்க்கு ஒன்றை விளக்கி உணர்த்தும் கலையில் வல்லவராக விளங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

பின்னர் நகரச் சுகாதாரத் துறையினர் ஜோசபின் பேக்கர் என்னும் பெண் மருத்துவரை அனுப்பினர். அவர் சொல்லையும் மேரி ஏற்கவில்லை. மறுநாள் மருத்துவர் காவலரோடு வந்தார். மேரி மீண்டும் முட்கரண்டியை வீசிவிட்டு மறைந்தார். காவலர் அவ்வீட்டையும் அடுத்த வீட்டையும் சில மணி நேரம் அலசினர். வெளிப்படிக்கட்டின்கீழ் இருந்த ஓர் அறைக் கதவிடுக்கில் துணியின் ஓரம் சிக்கியிருந்தது. மேரி அங்கே ஒளிந்திருந்தார். மருத்துவமனை வண்டியில் அவரை அடக்க இயலாமல், வழி நெடுகிலும் மருத்துவர் பேக்கரே அவர்மீது அமர்ந்து செல்ல நேர்ந்தது. சோதனையில் குடற்காய்ச்சல் நுண்ணுயிர் மிகுதியாகக் காணப்பட்டது.

அதன்பின் மேரி, ஈஸ்ட்டு ஆற்றின் நடுவேயுள்ள நார்த்து பிரதர் என்னும் தீவில், தொற்றுநோய் மருத்துவமனையை அடுத்த ஒரு சிறு குடிலில் வைக்கப்பட்டார். குற்றம் சாட்டி வழக்குத் தொடரவில்லை. தண்டனைக் காலம் குறிக்கவும் இல்லை. 1909-ஆம் ஆண்டு வரை அவருடைய மலத்தை 163 முறை சோதித்தனர். 120 முறை நுண்ணுயிர் காணப்பட்டது. எஞ்சிய முறைகளிற் காணப்படவில்லை. அவரே தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றிற்கு அனுப்பியவற்றில் நோய் இல்லை என்றே முடிவு வந்தது. நுண்ணுயிர் நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதன்று என்பதை இன்று அறிவோம். அன்று மேரிக்கு அதனைப் பொறுமையாக எடுத்துரைத்தவர் இலர். பித்தப்பையை அறுத்தெடுக்க மருத்துவர் விரும்பினர். அறுவை மருத்துவம் உயிர்க்கே இடரான அக்காலத்தில், தமக்கு நோயே இல்லை என நம்பிய மேரி அதற்கு இசையவில்லை. 1909-ஆம் ஆண்டு விடுதலை கோரி நீதிமன்றம் சென்றார், நீதிமன்றமும் விடுவிக்கவில்லை. நாளிதழ்கள் அவருக்கு டைபாய்டு மேரி என்னும் இழிபெயரைச் சூட்டின. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளம் கொதித்தது.

1910-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய சுகாதார ஆணையர் இரக்கங்கொண்டு அவரை விடுவித்தார். இனிப் பிறருக்குச் சமைப்பதில்லை என்றும், குறித்த காலங்களில் அலுவலரிடம் தம் இருப்பைத் தெரிவிப்பதாகவும் மேரி உறுதியளித்தார். அவருக்கு ஆடை வெளுக்கும் வேலை கிடைத்தது. வேலை கடினம், கூலி குறைவு. நாற்பது அகவை கடந்த ஒரு தனிப்பெண்ணிடமிருந்து கற்ற ஒரே தொழிலைப் பறித்தவர்கள், அதற்கு ஈடான வேறு தொழிலை அவருக்குக் கற்பிக்கவில்லை. எவ்வாறு கை கழுவினால் பிறர்க்குத் தீங்கு வாராது என்பதையும், எந்த உணவை அவர் தொடலாகாது என்பதையும் அவர் மனங்கொள்ளுமாறு பயிற்றியதாகவும் தெரியவில்லை. பூட்டு ஒன்றே அவர்கள் அறிந்த மருந்து. பூட்டைத் திறந்தபின் எதுவும் எஞ்சவில்லை.

சில ஆண்டுகளில் மேரி அலுவலர் கண்ணுக்கு மறைந்தார். பிரவுன் என்னும் பொய்ப்பெயர் பூண்டு மீண்டும் சமைக்கத் தொடங்கினார். இம்முறை அவர் செய்தது அறியாமையால் விளைந்தது என்று முழுதும் சொல்வதற்கில்லை. கொடுத்த உறுதியை மீறினார், பெயரை மறைத்தார். 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கிலுள்ள சுலோன் மகளிர் மருத்துவமனையில் 25 பேர் குடற்காய்ச்சலுற்றனர், இருவர் இறந்தனர். மகப்பேறு நடக்கும் இடத்தில், நோய் தீர்க்க வந்த மருத்துவரும் செவிலியரும் நோயாளியாயினர். அங்குச் சமைத்தவர் மேரியே எனச் சோப்பர் கண்டறிந்தார். பாவம் என்று இரங்கிய நகர மக்களும் இப்போது அவரை வெறுத்தனர். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மேரி மீண்டும் அதே தீவிற்குக் கொண்டு செல்லப்பட்டார்.

நீதி எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா என்பதும் எண்ணத்தக்கது. மேரி இறப்பதற்குள் அந்நகரில் அவரைப் போன்று நோய் சுமந்தோர் 400 பேருக்கு மேல் கண்டறியப்பட்டனர். அவருள் எவரும் மேரியைப் போல வாழ்நாள் முழுதும் அடைக்கப்படவில்லை. 1924-ஆம் ஆண்டு, அடுமனையும் உணவுச்சாலையும் நடத்திய ஒருவர், தடையை மீறிப் பண்டம் செய்தபோது பிடிபட்டார். உடல்நிலை காரணமாக ஒருவரைச் சிறையிடல் ஆகாது எனக் கருதிய நீதிபதி, தொலைபேசி வழியாகவே வணிகத்தை நடத்துவதாக அவர் கூறிய உறுதியை ஏற்று விடுத்தார். அவர் கடைக்கு உடைமையாளர். மேரியோ ஆதரவற்ற வேலைக்காரி.

பின்னாளில் உலகம் வேறு வழியைக் கைக்கொண்டது. உணவு ஆக்குவோரை முன்கூட்டியே சோதிப்பதும், தடுப்பூசி இடுவதும், தொழிலின் தூய்மையைக் கற்பிப்பதும் ஆகிய வழி அது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 2011-ஆம் ஆண்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. உணவைக் கையாள்வோர் ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை பெறவேண்டும். குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும். தொற்றுநோய் உற்றவர் தேறும் வரை உணவைத் தொடலாகாது என்பன அவ்விதிகளுட் சில. 2017-ஆம் ஆண்டு முதல், உணவுப் பாதுகாப்புப் பயிற்சியும் சான்றளிப்பும் என்னும் திட்டம் நடைபெறுகிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவரேனும் பயிற்சி பெற்றுச் சான்றுடைய மேற்பார்வையாளராதல் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். கழிவறை சென்று வந்தபின் சவர்க்காரமிட்டு விரலிடுக்கும் நகமும் தேய்த்துக் கழுவுதல், காயத்தை நீர் புகாதவாறு கட்டுதல், பச்சைக் காய்க்கும் இறைச்சிக்கும் வெவ்வேறு பலகையும் கத்தியும் வைத்தல், சூடான உணவு 60 பாகைக்குக் கீழ் இறங்காமலும் குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மேல் ஏறாமலும் காத்தல் முதலியன அங்குக் கற்பிக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் கற்கத்தக்க இப்பாடம் மேரிக்கு வாய்க்கவில்லை.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றுவந்த இளம்பெண்கள் பலர், உணவால் விளைந்த வயிற்றுப்போக்கிற்கு ஆளாயினர். 159 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தோழியர் நிலை அறியாது கலங்கிய பெண்கள், பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அப்பெண்களுட் பலர் ஊரிலுள்ள பெற்றோர்க்கும் தம்பி தங்கையர்க்கும் பணம் அனுப்பி வந்தவர்கள். நாள்தோறும் மூன்று வேளையும் தம் உயிரை எவர் கையில் ஒப்படைத்திருந்தனர் என்பதை அவர்கள் அறிந்திலர்.

தீவிலே மேரிக்கு மேலும் 23 ஆண்டுகள் கழிந்தன. முதலிற் கனன்ற சினம் மெல்லத் தணிந்தது. பின்னாளில் நகரத்திற்குச் சென்று அன்றே திரும்புவதற்கு அவருக்கு இசைவு தரப்பட்டது. அவரும் தவறாது திரும்பினார். மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. தம்மை அடைத்து வைப்பதற்குக் காரணமான சோதனைகள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதை அங்கே தம் கண்ணாற் கண்டார். ஆயினும் தாம் நோய் சுமப்பவர் என்பதை அவர் இறுதி வரை வாய்விட்டு ஒப்பவில்லை. அவரது பித்தப்பை நுண்ணுயிரை அழிக்கவல்ல மருந்தும் அக்காலத்தில் இல்லை. குடற்காய்ச்சலைத் தீர்க்கும் முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 1948-ஆம் ஆண்டே பயனுக்கு வந்தது.

1932-ஆம் ஆண்டு டிசம்பரில் பக்கவாதம் தாக்கியது. அதுமுதல் ஆறாண்டுகள் அவர் படுக்கையிலேயே கிடந்தார். 1938-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள், தமது 69-ஆம் அகவையில் அவர் உயிர் பிரிந்தது. உடலைப் பிராங்ஸ் பகுதியிலுள்ள புனித ரேமாண்டு கல்லறைத் தோட்டத்தில் அடக்கினர். அடக்கத்திற்கு வந்தோர் ஒன்பதின்மர்.